சொற்கள் இல்லாத நாலரை மணி நேரம்

எம்மெட் டில் 1941 ஜூலையில் சிகாகோவில் பிறந்தான். அதே ஆண்டு டிசம்பரில், மிசிசிப்பி மாநிலத்தின் லீலண்ட் என்ற சிற்றூரில் வடாடா லியோ ஸ்மித் பிறந்தார். ஐந்து மாத இடைவெளியில் பிறந்த இரண்டு கறுப்பினச் சிறுவர்கள். 1955 ஆகஸ்டில் டில்லுக்கு வயது 14. கோடை விடுமுறைக்கு மிசிசிப்பியில் இருந்த உறவினர் வீட்டுக்கு வந்திருந்தான். ஊர்க் கடையில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியிடம் வரம்பு மீறினான் என்று சொல்லி, நள்ளிரவில் வீடு புகுந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடித்துச் சிதைத்துச் சுட்டுக் கொன்று, பருத்தி ஆலையின் இரும்பு விசிறியை முள்கம்பியால் கழுத்தில் கட்டி ஆற்றில் போட்டார்கள். அவனுடைய தாய் மேமி, சிகாகோவில் சவப்பெட்டியை மூடவே விடவில்லை. என் பிள்ளைக்குச் செய்ததை எல்லோரும் பார்க்கட்டும் என்று நின்றார். பல்லாயிரம் பேர் வரிசையில் வந்து பார்த்தார்கள். 'ஜெட்' பத்திரிகை அந்த முகத்தைப் படமாக அச்சிட்டது. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி, ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாக உட்கார்ந்து பேசி, கொன்றவர்களை விடுதலை செய்தது. சில மாதங்களுக்குள் அந்த இருவரும் 'லுக்' பத்திரிகையிடம் கொலையை ஒப்புக்கொண்டார்கள். ஒருமுறை விடுதலையானவர்களை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதால் அவர்களை யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த நாட்களில் 13 வயது லியோ அதே மிசிசிப்பி டெல்டாவில் டிரம்பெட் வாசித்துக்கொண்டிருந்தார். வளர்ப்புத் தந்தை அலெக்ஸ் வாலஸ், 'லிட்டில் பில்' என்ற பெயரில் அறியப்பட்ட புளூஸ் கிட்டார்க்காரர். வீட்டிலேயே இசை இருந்தது. பையன் அந்த வயதிலேயே புளூஸ் குழுக்களோடு சேர்ந்து வாசிக்கப் போய்விட்டார். அதே மண், அதே நிறம், ஏறக்குறைய அதே வயது. அடுத்த பலி தானாக இருந்திருக்கலாம் என்று அந்த வட்டாரத்தில் அன்று நினைக்காத கறுப்பினச் சிறுவன் இருந்திருக்க முடியாது.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. 'டென் ஃப்ரீடம் சம்மர்ஸ்' என்ற ஸ்மித்தின் பெரும் படைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் அளவிலிருந்து தொடங்குகிறார்கள். நான்கு குறுந்தட்டுகள், 19 இசைப்படைப்புகள், நாலரை மணி நேரம். 2012இல் குனைஃபார்ம் நிறுவனம் வெளியிட்டது. 2013இல் இசைக்கான புலிட்சர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. எல்லாம் உண்மை. ஆனால் இந்த அளவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 1955இல் ஒரு 13 வயதுப் பையனுக்குள் போய் உட்கார்ந்த ஒன்றிலிருந்து என்றுதான் நான் சொல்வேன். அது இசையாகி முழுதாக வெளியே வர அவருக்கு எழுபது வயதாக வேண்டியிருந்தது.

தலைப்பில் உள்ள பத்துக் கோடைகள் 1954 முதல் 1964 வரையிலானவை. 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், நிறத்தைப் பார்த்துப் பள்ளிப் பிள்ளைகளைப் பிரிப்பது செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. இடையே மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு, லிட்டில் ராக் பள்ளியில் நுழைந்த ஒன்பது மாணவர்கள், ஃப்ரீடம் ரைடர்ஸ், மிசிசிப்பியின் வாக்காளர் பதிவு இயக்கம். ஸ்மித் இதோடு நிற்கவில்லை. முதல் படைப்பு, 1857இல் ஒரு கறுப்பின மனிதர் குடிமகனாகவே முடியாது என்று சொன்ன ட்ரெட் ஸ்காட் தீர்ப்பைப் பற்றியது. கடைசிப் படைப்பு 1968இல் மெம்ஃபிஸ் நகரில் மார்ட்டின் லூதர் கிங். நடுவில் வியட்நாம் போர் நினைவுச் சுவரும் செப்டம்பர் 11உம்கூட வருகின்றன. நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன், கறுப்பின அமெரிக்கர்களின் இருபதாம் நூற்றாண்டைப் பத்துப் பத்தாண்டுகளாகப் பிரித்துப் பத்து நாடகங்கள் எழுதினார் அல்லவா, அந்த நாடக வரிசை தனக்குத் தூண்டுதலாக இருந்தது என்று ஸ்மித் சொல்லியிருக்கிறார்.

வாசிப்பவர்கள் இரண்டு குழுக்கள். ஒன்று ஸ்மித்தின் கோல்டன் குவார்ட்டெட். டிரம்பெட் அவர், பியானோ அந்தோணி டேவிஸ், பாஸ் ஜான் லிண்ட்பெர்க், டிரம்ஸில் ஃபெரோவன் அக்லாஃப். சில இடங்களில் சூசி இபாராவும் டிரம்ஸுக்கு வந்து சேர, நால்வர் ஐவராகிறார்கள். மற்றொன்று லாஸ் ஏஞ்சலஸின் சவுத்வெஸ்ட் சேம்பர் மியூசிக். ஜெஃப் வான் டெர் ஷ்மிட் நடத்திய சிறிய செவ்வியல் குழு. வயலின்கள், வயோலா, செல்லோ, ஹார்ப், புல்லாங்குழல், கிளாரினெட், டிம்பனி. 2011 அக்டோபர் கடைசியில் லாஸ் ஏஞ்சலஸின் ரெட்கேட் அரங்கில் மூன்று இரவுகளில் முழுவதையும் அரங்கேற்றினார்கள். கை சூடு ஆறுவதற்குள், அடுத்த மாதமே ஒலிப்பதிவு. சில படைப்புகளில் ஒரு குழு மட்டும். சிலவற்றில் இரண்டும் சேர்ந்து. அப்படிச் சேரும் இடங்களைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

ஜாஸில் வயலின் கூட்டம் என்றாலே ஒரு பழைய சந்தேகம் உண்டு. 1949 நவம்பரில் சார்லி பார்க்கர் வயலின்களும் ஹார்ப்பும் சூழ நின்று 'ஜஸ்ட் ஃபிரெண்ட்ஸ்' பதிவு செய்தார். பார்க்கரின் அல்ட்டோ சாக்ஸஃபோன் பறக்கிறது. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். ஆனால் பின்னால் இருப்பவர்கள் எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறார்கள், அவ்வளவுதான். பார்க்கர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர்கள் திரும்புவதில்லை. 1955இல் கிளிஃபர்ட் பிரவுன் டிரம்பெட்டோடு, 1958இல் பில்லி ஹாலிடே 'லேடி இன் சாட்டின்' தட்டில், இப்படித்தான் ஒரு மரபே உருவானது. நடுவில் ஒருவர் உயிரைக் கொடுத்து வாசிப்பார் அல்லது பாடுவார். கம்பி வாத்தியங்கள் அவருக்குப் பட்டுத் திரை பிடிக்கும். சினிமாப் பின்னணி இசையில் வளர்ந்த நம் காதுக்கும் இது பழகிய ஏற்பாடுதான். வயலின்கள் ஒன்றாக எழுந்தால் சோகமோ காதலோ வரப்போகிறது என்று தெரிந்துகொள்வோம்.

சமூக நீதியைப் பற்றிய ஓர் இசையில் இந்த ஏற்பாடு எவ்வளவு ஆபத்தானது என்று யோசித்துப் பாருங்கள். கொல்லப்பட்ட 14 வயதுப் பையனுக்காக வயலின்கள் சேர்ந்து அழ ஆரம்பித்தால், கேட்பவர் இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டுவிட்டு நல்ல மனிதராக எழுந்து போய்விடுவார். துக்கம் சுகமாகிவிடும். 'டென் ஃப்ரீடம் சம்மர்ஸ்' முழுவதிலும் ஸ்மித் இந்த ஒன்றை மட்டும் செய்யவே இல்லை. அவருடைய கம்பி வாத்தியங்கள் யாருக்கும் திரை பிடிப்பதில்லை. அவை டிரம்பெட்டோடு வாதாடுகின்றன, சில நேரம் பிடிவாதமாக எதிர்த் திசையில் போகின்றன, பல நேரம் அது பேசி முடிக்கும்வரை வாய் மூடிக் காத்திருந்து பிறகு தங்கள் பங்கைச் சொல்கின்றன. இந்தப் படைப்பின் அரசியல் தலைப்புகளைவிட இந்த உறவில்தான் அதிகம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

இதற்கு வேர், லெராய் ஜெங்கின்ஸ் என்ற வயலின்காரர். ராணுவ இசைக்குழுக்களில் வாசித்து முடித்து 1967இல் ஸ்மித் சிகாகோவுக்கு வந்தபோது, அங்கே ஏஏசிஎம் என்ற இசைக்கலைஞர்கள் சங்கம் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கறுப்பினக் கலைஞர்கள் தாங்களே கூடி, தாங்களே சங்கம் வைத்து, தங்கள் சொந்தப் படைப்புகளை மட்டுமே மேடையேற்றுவது என்று முடிவு செய்த இடம் அது. இரவு விடுதி முதலாளியின் தயவு வேண்டாம், ஒலிப்பதிவு நிறுவனத்தின் ருசிக்குத் தலையாட்ட வேண்டாம். அங்கே ஸ்மித், அந்தோணி பிராக்ஸ்டன், ஜெங்கின்ஸ் மூவரும் ஒன்றாக வாசித்தார்கள். டிரம்பெட், சாக்ஸஃபோன், வயலின். தாளத்தைத் தூக்கிப் பிடிக்கத் தனியாக ஆள் இல்லாமலும் இசை நடக்கும் என்று அந்த மூவர் காட்டினார்கள். ஜெங்கின்ஸ் 1971இல் 'ரெவல்யூஷனரி என்சாம்பிள்' என்ற தன் மூவர் குழுவைத் தொடங்கினார். அவர்களுடைய முதல் தட்டின் பெயர் 'வியட்நாம்'. வயலினை ஜாஸின் ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுத்து வந்து, கரகரப்பும் கீறலும் சத்தியமுமாக அதைப் பேச வைத்த மனிதர் அவர்.

அவருக்காக 1977இல் ஸ்மித் எழுதிய படைப்புதான் 'மெட்கர் எவர்ஸ்'. மொத்தத் தொகுப்பும் அங்கிருந்துதான் முளைத்தது. அடுத்தடுத்த 34 ஆண்டுகளில் மற்றவை சேர்ந்தன, பெரும்பகுதி கடைசிச் சில ஆண்டுகளில்.

மெட்கர் எவர்ஸ் யார் என்று கொஞ்சம் சொல்கிறேன், அந்தப் பெயர் இங்கே அதிகம் புழங்குவதில்லை. இரண்டாம் உலகப் போரில் நார்மண்டிவரை போய்ப் போரிட்டுத் திரும்பிய மிசிசிப்பிக்காரர். ஊருக்கு வந்ததும் ஓட்டுப் போடப் போனவரைத் துப்பாக்கியோடு வந்து விரட்டினார்கள். அதன்பின் என்ஏஏசிபி என்ற கறுப்பினர் உரிமை அமைப்பின் மாநிலக் களச் செயலாளராக ஊர் ஊராகப் போய் மக்களைத் திரட்டினார். எம்மெட் டில் வழக்கில் சாட்சிகளைத் தேடிப் போனவர்களில் அவரும் ஒருவர். 1963 ஜூன் 11 இரவு அதிபர் கென்னடி தொலைக்காட்சியில் சிவில் உரிமை பற்றிப் பேசினார். சில மணி நேரத்தில், நள்ளிரவு தாண்டி, வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கிய எவர்ஸை முதுகில் சுட்டார்கள். சுட்டவனை 1964இல் இரண்டு முறை விசாரித்தார்கள். இரண்டு முறையும் வெள்ளையர் ஜூரி முடிவெடுக்க முடியாமல் கலைந்தது. ஸ்மித் இந்தப் படைப்பை எழுதிய 1977இல் இந்தக் கொலைக்காக யாரும் தண்டிக்கப்பட்டிருக்கவில்லை. 1994இல்தான் தண்டனை வந்தது. ஜெங்கின்ஸ் 2007இல் காலமானார். 2011இல் இந்தப் படைப்பு ஒலிப்பதிவானபோது, எழுதப்பட்ட நாளுக்கும் வாசிக்கப்பட்ட நாளுக்கும் நடுவில் ஒரு நீதிமன்றத் தீர்ப்பும் ஒரு நண்பரின் மரணமும் நின்றன. படைப்பின் முழுத் தலைப்பில் அன்பின் குரலும் ஆயிரம் ஆண்டுப் பயணமும் வருகின்றன, பழிவாங்கல் வரவில்லை. கொலைகாரன் தண்டிக்கப்படாத காலத்தில் அன்பின் குரல் என்று பெயர் வைக்க எவ்வளவு மன உரம் வேண்டும்!

இனி எம்மெட் டில். 'டிஃபையண்ட், ஃபியர்லெஸ்' என்பது தலைப்பின் மிச்சம். அடங்காதவன், அஞ்சாதவன். இந்த இரண்டு சொற்களும் அந்தப் பையனைப் பரிதாபத்திலிருந்து காப்பாற்றுகின்றன. ஜாஸ் நால்வரும் சேம்பர் குழுவும் சேர்ந்து வாசிப்பது. கம்பிகள் ஒன்றோடொன்று உரசும் சுரங்களை நீளமாக இழுத்துப் பிடிக்கின்றன. அழகாகக் கூடி இணைவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றுகொள்கின்றன, அந்தக் கொஞ்சத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்மித்தின் டிரம்பெட் மேலே வரும்போது ஓலமும் அல்ல, தாலாட்டும் அல்ல. தனியாக நிற்கும் ஒருவரின் நேரான குரல். ஒரு சுரத்தைத் தொடங்கிவிட்டு அது தானாக ஓயும்வரை விடமாட்டார். ஓய்ந்தபின் அந்த வெற்றிடத்தைக் கம்பிகள் நிரப்புவதும் இல்லை. அவையும் காத்திருக்கின்றன. இந்தக் காத்திருப்புகள் முதலில் என்னைத் தொந்தரவு செய்தன. பாட்டு முடிந்துவிட்டதோ என்று தோன்றும், முடிந்திருக்காது. வேலை செய்துகொண்டே கேட்டால் இந்த இசை கையில் அகப்படாது. உட்கார்ந்து கேட்க வேண்டியது.

மௌனம் ஸ்மித்தின் முறையிலேயே இருக்கிறது. 1960களின் கடைசியிலிருந்து அவர் வளர்த்துவரும் தாளக் கருத்து ஒன்று உண்டு. ஓர் ஒலி, அதைத் தொடர்ந்து அதற்கு ஈடான மௌனம், இரண்டும் சேர்ந்தால்தான் ஓர் அலகு. இசைக்குழுவைப் பற்றிய அவருடைய இன்னொரு கருத்தும் அந்த நாட்களிலேயே எழுதி வைக்கப்பட்டது. வாசிக்கும் ஒவ்வொருவரும் முழுமையான ஓர் அலகு, ஒவ்வொருவருக்கும் சொந்த மையம் உண்டு, யாரும் யாரையும் நம்பி நிற்பதில்லை என்பது அதன் சாரம். இதைப் படித்தபின் மறுபடி கேளுங்கள். வயலின்கள் ஏன் டிரம்பெட்டுக்கு எடுபிடி வேலை பார்ப்பதில்லை என்பது புரியும். அங்கே தலைவனும் தொண்டர்களும் கிடையாது. தனித்தனி ஆட்கள், ஒரே அறையில், ஒருவர் மற்றவருக்குக் காது கொடுத்து.

எழுதும் முறையிலும் இதற்கு வழி வைத்திருக்கிறார். வழக்கமான மேற்கத்தியக் குறிப்புகளோடு, அங்க்ராஸ்மேஷன் என்று அவர் பெயரிட்ட தனிக் குறியீட்டு மொழியும் அவரிடம் உண்டு. வண்ணங்கள், வளைவுகள், வடிவங்கள். ஓவியம்போல இருக்கும், 2015இல் சிகாகோவின் ரெனசான்ஸ் சொசைட்டியில் கலைக் கண்காட்சியாகவே வைத்தார்கள். ஒரு நிறம் எழுதப்பட்டிருந்தால் அது தனக்கு எதைக் குறிக்கிறது என்பதை வாசிப்பவரே தேடி ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வர வேண்டும். நம்முடைய மனோதர்மத்தில் ராகம் என்ற வேலியும் தாளம் என்ற வரப்பும் இருக்கும், அதற்குள் கற்பனை. இங்கே வேலி எது என்று கண்டுபிடிப்பதே வாசிப்பவரின் பாதி வேலை. சுரத்தை எழுதியபடி துல்லியமாக வாசிக்கப் பயின்ற செவ்வியல் வயலின்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய பொறுப்பு! 'இப்படி வாசி' என்று யாரும் சொல்வதில்லை. நீயே யோசி, நீ வாசித்ததற்கு நீயே பொறுப்பு என்கிறது அந்தத் தாள்.

சரி, சொல் ஒன்றுகூட இல்லாத இசை எப்படி அரசியல் பேசும்? நியாயமான கேள்வி. இதற்கு முன் ஜாஸ் வேறு வழிகளில் பதில் சொல்லியிருக்கிறது. லிட்டில் ராக் பள்ளி வாசலில் கறுப்பினப் பிள்ளைகளைத் தடுக்கக் காவல்படையை நிறுத்திய ஆளுநர் ஃபாபஸைக் கேலி செய்து சார்லஸ் மிங்கஸ் பாட்டே எழுதினார். 1959இல் கொலம்பியா நிறுவனத் தட்டில் அது சொற்கள் இல்லாமல் வந்தது. அடுத்த ஆண்டு சிறிய நிறுவனம் ஒன்றில் சொற்களோடு பதிவு செய்தார். மேக்ஸ் ரோச்சின் 1960 'ஃப்ரீடம் நவ்' தொகுப்பில் ஏபி லிங்கன் ஓர் இடத்தில் சொற்களை விட்டுவிட்டு அலறுகிறார். அதைக் கேட்டவர்கள் மறப்பதில்லை. 1963இல் பர்மிங்ஹாம் தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்ற இரண்டே மாதத்தில் ஜான் கோல்ட்ரேன் 'அலபாமா' வாசித்தார். ஐந்து நிமிடம், ஒரு சொல் இல்லை, பெயரில் ஓர் ஊர் மட்டும்.

ஸ்மித் கோல்ட்ரேன் போன பாதையில் போகிறவர், ஆனால் தலைப்புகளை மட்டும் நீட்டி எழுதுகிறார். 'ரோசா பார்க்ஸும் மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பும், 381 நாட்கள்' என்பது ஒரு தலைப்பு. அந்த எண்ணிக்கையை ஏன் வைத்தார் என்று யோசித்தால் எனக்குத் தோன்றுவது இது. பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழுந்திருக்க பார்க்ஸ் மறுத்த அந்த ஒரு கணம் எல்லோருக்கும் தெரியும். அதன்பின் ஓர் ஊரே ஒரு வருடத்துக்கு மேல் காலையும் மாலையும் வேலைக்கு நடந்து போனது, கார் வைத்திருந்தவர்கள் மற்றவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள், மழையிலும் குளிரிலும் பேருந்துகள் காலியாக ஓடின. ஒரு கணத்தைக் கொண்டாடுவது எளிது. 381 நாட்களைக் கொண்டாட நீளமான இசை வேண்டும்.

தலைப்பை மறைத்துவிட்டுக் கேட்டால் இது பேருந்துப் புறக்கணிப்பு என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டால், முடியாது. முடிய வேண்டியதில்லை என்பது என் எண்ணம். பேருந்துச் சத்தத்தையும் போராட்ட முழக்கத்தையும் வாத்தியத்தில் வரைந்து காட்டும் இசை இல்லை இது. 'பிளாக் சர்ச்' என்ற தலைப்பைப் பார்த்ததும் கைதட்டலும் காஸ்பல் பாட்டும் எதிர்பார்ப்போம். வருவதோ கம்பிகளின் மெதுவான, கடினமான, உள்ளொடுங்கிய சிந்தனை. கறுப்பினத் தேவாலயம் என்றால் உற்சாகப் பாட்டு என்று வெளியாள் வைத்திருக்கும் படத்தை அவர் நமக்குத் திருப்பித் தரவில்லை. அந்தத் தேவாலயங்களில்தான் கூட்டங்கள் நடந்தன, உத்திகள் வகுக்கப்பட்டன, குண்டுகளும் வெடித்தன. அங்கே உட்கார்ந்து யோசித்தவர்களின் இசையாக அதைக் கேட்கிறேன்.

எல்லாம் ஒரே உயரத்தில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கென்னடியையும் விண்வெளி யுகத்தையும் பற்றிய படைப்பு என்னை அவ்வளவாக ஈர்க்கவில்லை. எவர்ஸ், ஹேமர் போன்றவர்களுக்குப் பக்கத்தில் அதிபர்கள் நிற்கும்போது இசையில் சூடு குறைகிறது. செப்டம்பர் 11 பற்றியதும் தொகுப்பின் ஓட்டத்திலிருந்து கொஞ்சம் விலகியே நிற்பதாகப் படுகிறது. மாறாக, தர்குட் மார்ஷலுக்கான படைப்பில் லிண்ட்பெர்க்கின் பாஸ் ஓர் உறுதியான வரியைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது, டெல்டாவின் புளூஸ் தரையிலிருந்து ஏறி வருவதை உணர முடிகிறது. நீதிமன்றத்தில் வாதாடிப் பள்ளிக் கதவைத் திறந்த வழக்கறிஞருக்கு, அந்தப் பொறுமையான நடையைவிடப் பொருத்தமான மரியாதை வேறென்ன?

ஃபேனி லூ ஹேமரின் பெயரைச் சொன்னேன். அவரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. இருபது பிள்ளைகளில் கடைசியாக 1917இல் பிறந்தவர். டெல்டாவில் பருத்திப் பண்ணையில் வாரத்துக்குப் பயிர் வைத்து வாழ்ந்த குடும்பம். 1962 ஆகஸ்டில், 44 வயதில், லீலண்டுக்கு அருகிலுள்ள இண்டியனோலாவுக்குப் போய் வாக்காளராகப் பதிவு செய்ய முயன்றார். அன்றைக்கே பண்ணைக்காரர் வீட்டை விட்டு வெளியேற்றினார், பதினெட்டு ஆண்டு உழைத்த இடத்திலிருந்து. அடுத்த ஆண்டு வினோனா ஊர்ச் சிறையில் அடித்த அடியில் சிறுநீரகம் பழுதானது, வாழ்நாள் முழுவதும் அந்த வலி போகவில்லை. 1964 ஆகஸ்டில் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில், மிசிசிப்பியின் வெள்ளையர் மட்டுமான பிரதிநிதிகளுக்குப் பதிலாக எங்களை உட்கார வையுங்கள் என்று சாட்சி சொன்னார். அதிபர் ஜான்சன் பதறிப்போய், கேமராக்களைத் தன் பக்கம் திருப்ப அவசரமாகச் செய்தியாளர் சந்திப்பு ஒன்றைக் கூட்டினார். தொலைக்காட்சிகள் அன்று மாலையே ஹேமரின் பேச்சை ஒளிபரப்பின, நாடே பார்த்தது. கட்சி இரண்டு இடம் தருகிறோம் என்று பேரம் பேசியது. ஹேமரின் அணி வேண்டாம் என்றது. அந்த ஜான்சனின் பெயரிலும் இந்தத் தொகுப்பில் ஒரு படைப்பு இருக்கிறது, சிவில் உரிமைச் சட்டத்துக்காக. சட்டத்தில் கையெழுத்திட்டவருக்கும் அவர் வாயடைக்கப் பார்த்த பெண்ணுக்கும் ஒரே தொகுப்பில் இடம் தந்திருக்கிறார் ஸ்மித். வரலாற்றை நேர்மையாக நினைவில் வைத்திருப்பவர் செய்யக்கூடிய காரியம்.

ஸ்மித்தின் கோல்டன் குவார்ட்டெட்டில் நமக்குத் தெரிந்த குடும்பத்து மனிதர் ஒருவரும் இருந்திருக்கிறார். 1971இல் நியூயார்க் மாநிலத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த விஜய் ஐயர். மூன்று வயதில் வயலினில் தொடங்கி, பியானோவைத் தானாகவே கற்று, இயற்பியல் படித்து, கடைசியில் ஜாஸுக்கு வந்தவர். 'டென் ஃப்ரீடம் சம்மர்ஸ்' வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் கோல்டன் குவார்ட்டெட்டின் பியானோ அவர். 'தப்லீக்', 'ஸ்பிரிச்சுவல் டைமென்ஷன்ஸ்' தட்டுகளில் கேட்கலாம். 2016இல் ஸ்மித்தும் அவரும் மட்டுமாக 'எ காஸ்மிக் ரிதம் வித் ஈச் ஸ்ட்ரோக்' என்ற தட்டை ஈசிஎம் நிறுவனத்தில் வெளியிட்டார்கள். ஓவியர் நஸ்ரீன் முகமதியின் கோடுகளுக்குச் சமர்ப்பணமாக எழுந்த இசை அது. தன் இசைப் பார்வையை வடிவமைத்தவர்களில் ஒருவராக ஸ்மித்தை ஐயர் மறுபடி மறுபடி குறிப்பிடுகிறார். அவரே ராணுவத்திலிருந்து திரும்பியவர்களின் கனவுகளை வைத்துக் கவிஞர் மைக் லாடுடன் 'ஹோல்டிங் இட் டவுன்' செய்தவர். சமூகத்தைப் பற்றிய கவலை இசைக்கு வெளியிலிருந்து ஒட்டவைப்பது இல்லை என்பதை ஸ்மித்தின் பள்ளியில்தான் கற்றிருப்பார். அந்தோணி டேவிஸும் அப்படியே. செய்யாத குற்றத்துக்காகச் சிறை சென்ற ஐந்து கறுப்பின, லத்தீன் இளைஞர்களைப் பற்றிய 'சென்ட்ரல் பார்க் ஃபைவ்' ஓப்பராவுக்காக 2020இல் புலிட்சர் பரிசு பெற்றார்.

ஸ்மித் அதன்பின் கம்பி வாத்தியங்களை விடவேயில்லை. ரெட்கோரல் என்ற நால்வர் குழுவோடு தொடர்ந்து வேலை செய்கிறார். அதன் முதல் வயலின் ஷாலினி விஜயன், 'டென் ஃப்ரீடம் சம்மர்ஸ்' பதிவில் சேம்பர் குழுவில் வாசித்த அதே கலைஞர். முதல் பன்னிரண்டு ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டுகளையும் சேர்த்து 2022இல், தன் எண்பதாவது வயதில், ஏழு தட்டுப் பெட்டியாக வெளியிட்டார். 2019இல் ரோசா பார்க்ஸுக்காக மறுபடி ஒரு நீண்ட படைப்பு, இந்த முறை மூன்று பெண் குரல்களோடு, ஏழு பாட்டுகளாக. ஒரு கறுப்பினப் பாடகி, ஒரு சீனப் பாடகி, ஒரு மெக்சிகோப் பாடகி.

கேட்க விரும்புகிறவர்களுக்கு என் யோசனை. நாலரை மணி நேரத்தையும் ஒரே மூச்சில் கேட்க முயல வேண்டாம், அரங்கேற்றமே மூன்று இரவுகள் நடந்தது. முதலில் 'தர்குட் மார்ஷல்'. அதன் புளூஸ் நடை கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போகும். அடுத்த நாள் 'எம்மெட் டில்', நல்ல ஹெட்ஃபோனில், செல்பேசியைத் தள்ளி வைத்துவிட்டு. மூன்றாவதாக 'மெட்கர் எவர்ஸ்'. அதில் வயலினைப் பின்தொடர்ந்து கேளுங்கள், அது ஜெங்கின்ஸுக்காக எழுதப்பட்ட இடம். இந்த மூன்றும் பிடித்துவிட்டால் ட்ரெட் ஸ்காட்டிலிருந்து வரிசையாகத் தொடங்கலாம். 'மார்ட்டின் லூதர் கிங்' கடைசியில் இருப்பதற்குக் காரணம் உண்டு, அதை முன்னால் இழுக்க வேண்டாம். ரோசா பார்க்ஸின் ஏழு பாட்டுகளை இவற்றுக்கெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.